நான்காவது நிபந்தனையும் ஒரு கட்டுக் கருவேப்பிலையும்

குமரா,

நான் கோபித்துக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே. உண்மைதான், கோபித்துக்கொண்டுதான் வந்தேன். உன் சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்து, அவள் அலமாரியில் கிடந்த பழைய நோட்டில் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். உன்னிடம் எவள் போனில் பேசுவாள்? நான் பத்து வார்த்தை சொன்னால் நீ ஒரு "ம்ம்" சொல்கிறாய். அந்த "ம்ம்"முக்குப் பின்னால் டொக் டொக்கென்று பந்தைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. பெற்ற தாயோடு பேசும்போதுகூடக் கை சும்மா இருக்காது. முப்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். எனக்காக ஒரே ஒரு முறை, குறுக்கே பேசாமல் நான் சொல்வதைப் படி. என்னைச் சமாதானம் பண்ண இங்கே வந்திருக்கிற உன் அப்பாவிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர் பஸ்ஸிலேயே பிரித்துப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உன்னிடம் நீட்டுவார், நீயும் கண்டுகொள்ளாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் டென்னிஸ் அகாடமி திறப்பு விழா. அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. பத்து வருடம் ஊர் ஊராகப் போய் ஆடினாய், பிறகு நாடு நாடாகப் போய் ஆடினாய். உன் பெயரை வாயில் நுழையாமல் வெள்ளைக்காரன் மைக்கில் கடித்துத் துப்பியதை நான் டிவியில் கேட்டிருக்கிறேன். முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு, சென்னையில் இரு, பெங்களூரில் இரு என்று எத்தனையோ பேர் கூப்பிட்டும், கோச்சடையிலேயே நான்கு கோர்ட் போடுகிறேன் என்று வந்து நின்றாய். ரிப்பனை அம்மாதான் வெட்டணும் என்றாய். நான் புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. அதெல்லாம் போன வியாழக்கிழமை காய்கறி வாங்கப் போகும் வரைக்கும்தான்.

பாலத்துப் பக்கம் திரும்பினால், என் மூஞ்சி! ஆதார் அட்டையில் இருக்கும் அந்தப் படத்தை, திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி விழித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறாய். "என் முதல் பயிற்சியாளர், என் தாய்" என்று மேலே. "ஒரே பிள்ளை, ஒரே ஆட்டம், ஒரே பாதை" என்று கீழே, நான் சொன்னதாக மேற்கோள் குறி போட்டு. நான் எப்போதடா இப்படி ரைம் போட்டுப் பேசினேன்? எனக்கு அடுத்து பெரிய மாலையோடு ஒரு கட்சிக்காரர் ஃப்ளெக்ஸ். கருவாட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "என்னக்கா, வார்டு எலெக்ஷனுக்கு நிக்கிறீகளா?" என்று கேட்டாள். அதைக்கூட விட்டுவிடுவேன். அதற்கும் கீழே சேர்க்கை நிபந்தனைகள் என்று வரிசையாகப் போட்டிருந்தாய். வெள்ளை உடை, நேரம் தவறாமை, பெற்றோர் கோர்ட்டுக்குள் வரக் கூடாது, மூன்றும் சரி. நான்காவது என்ன? "டென்னிஸ் தவிர வேறு எந்த விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைக்கும் இங்கே இடமில்லை." அதைப் படித்த இடத்திலேயே கத்தரிக்காய்ப் பையோடு நின்றுவிட்டேன்.

நின்றது எதற்கு என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து பையை வைப்பதற்குள் நரம்பு பாய் போன் செய்தார். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடையில் உன் ராக்கெட்டுக்கெல்லாம் நரம்பு மாற்றிக் கொடுத்தாரே, அதே பாய்தான். அப்போது கடையில் வேலை பார்த்த வாலிபப் பிள்ளை, இப்போது அவரே கடைக்காரர், பத்து வயதில் ஒரு பெண் பிள்ளை. "அக்கா, நல்லாருக்கீங்களா? தம்பி நம்ம ஆயிஷாவச் சேத்துக்க மாட்டேன்னுட்டாருக்கா" என்றார். ஏன் என்று கேட்டேன். "பாரத்துல வேற என்ன வெளாட்டுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எம்புள்ளைக்கிப் பொய் சொல்லத் தெரியாதுக்கா, கபடின்னு எழுதிருச்சு. பள்ளிக்கூட டீம்ல இருக்குல்ல." அழுகிறாளா என்று கேட்டேன். "அழுதாக்கூடப் பரவால்லக்கா. கபடிய விட்டுர்றேன் அத்தா, நான் டென்னிஸுக்கே போறேன்னு சொல்லுது. அந்தப் புள்ள கபடிய விடுறேங்குறதத்தான் எனக்குத் தாங்க முடியல. தம்பி மேல கோவமில்லக்கா. 'அம்மா என்னைய வளத்த முறை அப்பிடி பாய்'னு தம்பி சொன்னாரு." உன்னை வளர்த்த முறை! நான் போனை வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் பஸ் ஏறினேன்.

உன்னை வளர்த்த முறை என்னவென்று நான் சொல்கிறேன், கேள். எங்கள் அலுவலக வளாகத்தில் ஒரு மண் கோர்ட் இருந்ததே, அதை என் டைப்ரைட்டர் இருந்த ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். காலையில் எங்களை நாய் மாதிரி விரட்டுகிற அதிகாரி, சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டு அங்கே வந்தால் ஆளே மாறிப்போவார். பந்து நெட்டில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் கையைத் தூக்கி "சாரி" என்பார். அந்த மனுஷன் வாயில் நான் சாரி என்ற வார்த்தையைக் கேட்டதே அந்தக் கோர்ட்டில்தான். அடிதடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவதில்லை. என் பிள்ளை இந்த ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். டென்னிஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டு உன் எட்டு வயதில் சமையல்கட்டு காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: "டென்னிஸ் தவிர வேறு ஆட்டம் ஆடினால் சோறு கிடையாது." நீ ஃப்ளெக்ஸில் போட்ட நான்காவது நிபந்தனை அதுதான். சோற்றை மட்டும் எடுத்துவிட்டாய்.

இரண்டு வருடம் நீ ஒழுங்காகத்தான் இருந்தாய். காலையில் கோர்ட், பள்ளிக்கூடம், சாயங்காலம் கோர்ட், அது முடிந்து கொல்லைச் சுவரில் தனியாகப் பந்தடிப்பு. மூலையில் இருந்த மரத்தில் பந்து போய்ச் சிக்கும். "அம்மா, வேப்பமரத்துல பந்து மாட்டிக்கிச்சும்மா" என்று கத்துவாய். நான் ஒட்டடைக்கம்பை எடுத்து வருவேன். அப்படிப் பாடுபட்டும் உன் சர்வீஸ் வரவில்லை. கோச் சார் தலையில் அடித்துக்கொள்வார். "தம்பி, நீ பந்த அடிக்கல, பந்துக்கு விபூதி பூசுற" என்பார். தோள் திறக்க மாட்டேன் என்கிறது, கை மட்டும் தனியாக வருகிறது, பயப்படுகிற கை என்று என்னிடம் சொல்வார். எனக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆட வையுங்கள் சார் என்பேன். நீ இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக விபூதி பூசுவாய்.

அப்போதுதான் எழுமலையிலிருந்து உன் சித்தப்பா வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "மதினி, வர்ற ஞாயித்துக்கெழம நம்மூருக் கம்மாய்ல டென்னிஸ் பால் டோர்னமென்ட் போட்டுருக்காய்ங்க. அம்புட்டு ஊர்லருந்தும் வாராய்ங்க. தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எழுமலையில டென்னிஸா என்று கேட்டேன். "என்ன மதினி இப்பிடிக் கேட்டுப்புட்டீக? வருசா வருசம் நடக்குது. கப்பு எம்புட்டு ஒசரம் தெரியுமா?" என்று இடுப்புக்கு மேலே கையைக் காட்டினார். டென்னிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பால் என்ற சொல் காதில் விழவே இல்லை. உன் அப்பா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தாரா? ரசத்தை ஊற்றிக்கொண்டு குனிந்து சாப்பிட்டார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "நீ எங்க சொல்ல விட்ட?" என்றார்.

உன் வெள்ளைச் சட்டைக்கும் டவுசருக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை சாக்ஸ், குளுக்கோஸ் தண்ணீர், துடைக்க இரண்டு துண்டு, ராக்கெட் இரண்டு. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி வழியாகப் போய் இறங்கினோம். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரே இருந்தது. குழாய் ஸ்பீக்கர் கத்துகிறது, இரண்டு பக்கமும் ஐஸ் வண்டி. நான் நேராகக் கமிட்டி மேசைக்குப் போனேன். ஒரு பையன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான்.

"எந்த டீமுக்கா?"

"டீம் இல்லப்பா. சிங்கிள்ஸ்."

"ஒத்த ஆளாவா?"

"ஆமா. நெட்டு எங்கிட்டுக் கட்டியிருக்கீங்க?"

"நெட் பிராக்டீஸெல்லாம் இல்லக்கா, நேரா மேட்ச்சுத்தான். பேட்டு கொண்டாந்திருக்கீகளா?"

கொண்டாந்திருக்கிறோம் என்று பெருமையாக உறையைக் கழற்றி ராக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். அந்தப் பையன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உன்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். பிறகு மைக்கைப் பிடித்திருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தப் பாவி என்ன சொன்னான் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மதுரையிலிருந்து சல்லடையுடன் வருகை தந்திருக்கும் தம்பியை விழாக் கமிட்டி சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்!" கண்மாய் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் மூன்று குச்சி நட்டிருந்தது. நம் ஊரில் டென்னிஸ் பால் என்றால் கிரிக்கெட் என்பது மதுரை மாவட்டத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.

அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா ஓடி வந்தார். அவர் டீமில் ஒருத்தன் காதுகுத்துக்குப் போய்விட்டானாம், ஓர் ஆள் குறைகிறதாம். "மதினி, தம்பி சும்மா ஓரத்துல நின்னாப் போதும்." முடியாது என்றேன். காலண்டரில் எழுதியது எழுதியதுதான் என்றேன். அப்போது உன் அப்பா, கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத அந்த மனுஷன், "விடும்மா. ஒரு ஆட்டம் ஆடட்டும். கம்மாயத் தூக்கிட்டா போயிரப் போறான்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். புகுந்த வீட்டு ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலமர நிழலில் உட்கார்ந்தேன்.

நீ கஞ்சி போட்ட வெள்ளை உடுப்போடு எல்லையில் போய் நின்றாய். முதலில் வந்த பந்தைப் பொறுக்கி, கோர்ட்டில் பந்து எடுத்துப் போடுகிற மாதிரி உருட்டிவிட்டாய். "எறிடா, எறிடா!" என்று மற்றப் பத்துப் பேரும் கத்தினார்கள். இரண்டாவது பந்தையும் பாதி தூரம்தான் எறிந்தாய். மூன்றாவது பந்து முள்ளுக்குள் போனது. நீ உள்ளே புகுந்து எடுத்து, ஓடி வந்து, இடது காலை முன்னால் ஊன்றி, உடம்பை முறுக்கி ஒரு எறி எறிந்தாய். அது நேராகப் போய்க் குச்சியைப் பெயர்த்தது. கண்மாயே எழுந்து நின்றது. அதன்பிறகு அத்தனை பந்தும் உன் பக்கமே வர வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதை நான் பார்த்தேன். பேட் பிடிக்கப் போனபோது ஒரு பந்தைப் பந்துவீச்சாளன் காதை உரசிக்கொண்டு போகிற மாதிரி அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி "சாரி" சொன்னாய். "எதுக்குடா சாரி? நாலு ரன்னுடா, ஓடுறா வெண்ணெ!" என்று எதிராளியே உன்னைத் திட்டினான். கஞ்சிச் சட்டை செம்மண்ணாகி, கை முழுக்க முள் கீறி, வாயெல்லாம் பல்லாக நீ திரும்பி வந்தாய். இரண்டு வருடத்தில் டென்னிஸ் ஆடிவிட்டு நீ ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. அது எனக்கு அன்றைக்கே குத்தியது. வெளியே காட்டிக்கொள்ளாமல், சட்டையைத் துவைக்கப் போவது யார் என்று கத்தினேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் நீ சர்வீஸ் போட்டாய். பந்து பின்பக்கக் கம்பிவேலியில் போய்ச் சொருகி நின்றது. கோச் சார் விசிலைக் கீழே போட்டுவிட்டார். இன்னொன்று போடு என்றார், அதுவும் அப்படித்தான். கண்மாயில் எறிந்த அதே எறிதான், கையில் ராக்கெட் இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். எனக்கே அது புரிந்தது. கோச் சார் என்னிடம் ஓடி வந்து, "மேடம், ரெண்டு வருசமா வராத தோள் எப்பிடி வந்துச்சு? ஞாயித்துக்கெழம என்ன பண்ணுனான்?" என்று கேட்டார். குமரா, இதுதான் நான் செய்த முதல் தப்பு. கிரிக்கெட் ஆடினான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை அம்மாக்களிடம் என் காலண்டரைப் பற்றிப் பீற்றியிருந்தேன்! "முட்டை சார். நாட்டுக்கோழி முட்டை, தினம் ரெண்டு" என்றேன். அந்த நல்ல மனுஷன் அதை நம்பி எல்லாப் பெற்றோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். அந்த வருடம் முழுக்க அந்தக் கோர்ட்டுப் பிள்ளைகள் முட்டை தின்றே ஏப்பம் விட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் சர்வீஸ் வரவில்லை. ஐயர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா மருந்து என்று சொல்லி ஒளித்துக் கொடுத்தாள், அந்தப் பாவமும் என் தலையில்தான்.

அதற்குப் பிறகுதான் நீ கருவேப்பிலை வாங்கப் போக ஆரம்பித்தாய். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும், "டேய், ஒரு கட்டுக் கருவேப்பிலை வாங்கிட்டு வா" என்று அனுப்புவேன். கடை நம் தெரு முனையில். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். நீ ஒன்றரை மணி நேரம் கழித்து, பை கிழிந்து, முட்டி சிராய்த்து, தலையில் புழுதியோடு, கையில் வாடிப்போன கருவேப்பிலையோடு வருவாய். என்ன என்ன கதை சொன்னாய்! "கடைல கூட்டம்மா." "மாடு மறிச்சுக்கிச்சும்மா." "சாமி ஊர்வலம் போச்சும்மா." ஒரு நாள் "கருவேப்பிலையே இன்னும் வரலைன்னாங்கம்மா, வெயிட் பண்ணுனேன்" என்றாய். நானும் விடாமல், "கருவேப்பிலை வாங்கக் கரூருக்காடா போன?" என்று கத்துவேன். நீ என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இரண்டு தட்டுச் சோறு தின்பாய். வீட்டில் ரசத்தில் கருவேப்பிலை, மோரில் கருவேப்பிலை, துவையல், பொடி, தோசை மாவில்கூடக் கருவேப்பிலை. உன் அப்பா தட்டை விலக்கி விலக்கிப் பார்த்து, "இது கொழம்பா, தோப்பா?" என்று கேட்டார். அவருக்கு இந்த வயதிலும் முடி நரைக்காததற்கு நீ போட்ட ஆட்டம்தான் காரணம்.

வைகைக் கரையில் பொட்டலில் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். பொட்டலை ஒட்டி ஒரு கிழவியின் மாடி வீடு இருந்தது, வற்றல் காயப்போடுகிற சாக்கில் அவள் மொட்டைமாடி ஏறுவேன். அவளுக்கு வற்றல் மேல் சந்தேகமே வந்துவிட்டது, மழைக்காலத்தில்கூடக் காயப்போடுகிறேனே என்று. அங்கிருந்து எல்லாம் தெரியும். கோர்ட்டிலிருந்து தேய்ந்த பந்துகளை டவுசர் பையில் திணித்துக்கொண்டு போய், அந்தப் பொட்டலுக்கே நீ ராஜாவானதைப் பார்த்தேன். கிளித்தட்டில் கோட்டைக் காத்துக்கொண்டு இடமும் வலமும் ஓடி, யார் எந்தப் பக்கம் பாயப் போகிறான் என்று அவன் இடுப்பைப் பார்த்தே நீ கண்டுபிடித்ததைப் பார்த்தேன். கபடியில் நீ பாடிக்கொண்டு உள்ளே போவாய், நாலு தடிமாடுகள் உன் கணுக்காலைப் பிடிப்பார்கள், நீ உடம்பைத் தரையோடு நீட்டி விரல் நுனியால் கோட்டைத் தொடுவாய். நான் அங்கே மாடியில் வற்றலை மிதித்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ வருடம் கழித்து டெல்லியில் அந்த ஃபைனலில், கடைசிப் பாயிண்டில், எதிராளி உன்னைக் கோர்ட்டுக்கு வெளியே ஓடவிட்டு இந்தப் பக்கம் போட்டானே. நீ விழுந்துகொண்டே நீண்டு போய் எடுத்தாயே. எல்லோரும் என்ன ஃபுட்வொர்க் என்றார்கள். நான் டிவிக்கு முன்னால் "கோட்டத் தொட்டுட்டான்!" என்று கத்தினேன். உன் அப்பா மட்டும் சிரித்தார்.

இனி நான் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன். மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தாயே, அன்றைக்குக் கரண்டியால் உன்னை அடித்தேன். காலண்டரைக் காட்டிக் காட்டி அடித்தேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "இனிமே டென்னிஸ் மட்டுந்தாம்மா, சத்தியமா" என்று அழுதாய். குமரா, உன்னை அங்கே அனுப்பியதே நான்தான். அனுப்பிவிட்டு அடித்தேன். கோர்ட்டில் மற்ற அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், என் பயத்தையெல்லாம் உன் முதுகில் இறக்கினேன். அந்த அடி நியாயமில்லை. அதை இருபது வருடம் கழித்துச் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய், அதுதான் கொடுமை. கால் சரியான பிறகும் பொட்டல் பக்கம் போகவில்லை. முழங்கை வலிக்கிறது என்றாய், காலையில் எழ மாட்டேன் என்றாய், சர்வீஸ் மறுபடியும் விபூதி ஆனது. கருவேப்பிலை வாங்கிட்டு வாடா என்றால், "நேத்து வாங்குனது இருக்கும்மா" என்று டப்பாவைத் திறந்து காட்டுவாய். அதை எடுத்துச் சாக்கடையில் போட்டேன், தெரியுமா? உன் கண் முன்னால் இல்லை. நீ குளிக்கப் போனபோது மொத்தக் கட்டையும் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து, "ஐயோ, வாடிப்போச்சுடா, ஓடு, கருவேப்பிலை இல்லாம எப்பிடித் தாளிக்கிறது?" என்று நடித்தேன். நீ பத்தே நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அடுத்த நாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நீ ஒன்றரை மணி நேரம் கழித்துப் புழுதியோடு வந்தாய். கரூருக்காடா போன என்று கத்திவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். காலண்டரை அன்றைக்கே கிழித்திருக்கலாம். போய் விளையாடுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீறாப்பு விடவில்லை.

டெல்லியில் ஜெயித்த பிறகு உன் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டி ரகசியம் என்ன என்று கேட்டார்கள். "எட்டு வயசுலேர்ந்து டென்னிஸ் தவிர வேற எதையும் தொட்டதில்லை. எல்லாம் அம்மாவோட கண்டிப்பு" என்றாய். எனக்குப் புரையேறிவிட்டது. எனக்குப் பயந்து சொல்கிறாய் என்று முதலில் சிரித்தேன். பிறகு ஊர் ஊராக அதையே சொன்னாய், சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாய். பெரிய பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் சின்ன வயதில் கால்பந்து ஆடியவர்கள், பனியில் சறுக்கியவர்கள் என்று என்னிடம் நீயே கதை கதையாகச் சொல்லியிருக்கிறாய், ஆனாலும் உன் கதைக்கு வரும்போது காலண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறாய். நீ பயந்து சொன்ன பொய்யும் நான் வெட்கப்பட்டு மறைத்த பொய்யும் சேர்ந்து இப்போது பாலத்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை உண்மை என்று நம்பி பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி கபடியை விடுகிறேன் என்கிறாள். உனக்குப் பொய் சொல்லத் தெரிந்தது, அதனால் தப்பித்தாய். ஆயிஷாவுக்குத் தெரியவில்லையே, அவள் என்ன செய்வாள்? அவள் கபடியில் எப்படிக் கோட்டைத் தொடுகிறாள் என்று ஒரு தடவை பார்த்தாயா? கட்டத்தில் எழுதியதைத்தான் பார்த்தாய்.

நான்காவது நிபந்தனையை எடு. எடுத்துவிட்டு நீயே பாய் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிடு, கபடியோடு சேர்த்துக் கூப்பிடு. அப்போதுதான் நான் ரிப்பன் வெட்ட வருவேன். வராவிட்டால், ஃப்ளெக்ஸில்தான் ஆள் உயரத்துக்கு நிற்கிறேனே, அதன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொல்.

நீ இதையெல்லாம் நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா பாய்க்காக இப்போது கதை கட்டுகிறாள், தெரிந்தே அனுப்பியதாவது, வற்றலாவது என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பாய். அதனால் ஒன்று செய். இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து கொல்லைக்குப் போ. நீ பந்தடித்த சுவர் இருக்கிறதா? மூலையில் உன் பந்து போய்ச் சிக்குமே, நீ வேப்பமரம் வேப்பமரம் என்று கத்துவாயே, நாங்கள் யாரும் திருத்தவே இல்லையே, அந்த மரம். உனக்கு முன்பிருந்தே அந்த வீட்டில் இருக்கிற மரம். அதில் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்.